'சீத்': மூடி போட்ட கோபத்துக்கு ஓர் ஆங்கில வினைச்சொல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூரியர் நிறுவனத்துக்குப் புகார் மின்னஞ்சல் எழுதினேன். பார்சல் பத்து நாளாக வந்து சேரவில்லை. 'ஆங்க்ரி' என்று எழுதினால் பள்ளிக்கூடப் பையன் எழுதியது மாதிரி இருக்குமே என்று அகராதியைப் புரட்டி, 'சீத்' என்ற சொல்லைப் பிடித்தேன். 'கடுங்கோபம் கொள்' என்று பொருள் போட்டிருந்தது. அப்படியே 'ஐ ஆம் சீதிங் வித் யுவர் மேனேஜர்' என்று எழுதி அனுப்பியும் விட்டேன். அலுவலகத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "நீயும் அவங்க மேனேஜரும் சேர்ந்து யார் மேலப்பா கோவமா இருக்கீங்க?"

ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு செய்திருந்தேன். அகராதி சொன்ன பொருள் பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஆங்கிலத்தில் புதிதாக எழுதத் தொடங்குகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படிக் கையாளலாம் என்று எனக்குத் தெரிந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

முதலில் வாயில் வரட்டும்

எழுத்துக்கூட்டல்: எஸ், இரண்டு இ, டி, எச், கடைசியில் இன்னொரு இ. உச்சரிக்கத் தமிழிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'சீதை' என்று சொல்லுங்கள். கடைசி ஐகாரத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் இந்தச் சொல். 'அதை', 'இதை' என்று சொல்லும்போது நாக்கு பல்லை லேசாகத் தொட்டு அதிர்கிறதே, அந்த ஒலி. 'தேங்க் யூ' என்பதன் முதல் ஒலி போல வெறும் காற்றாக விட்டால் சரியாக வராது.

கடைசியில் நிற்கும் அந்த இ வீணாக நிற்கவில்லை. 'பிரெத்' என்றால் மூச்சு. அதோடு ஓர் இ சேர்த்தால் 'பிரீத்', மூச்சு விடு. 'டீத்' என்றால் பற்கள். இ சேர்த்தால் குழந்தைக்குப் பல் முளைப்பதைச் சொல்லும் வினை. 'பாத்' குளியல், 'பேத்' குளிப்பாட்டு. இந்த ஜோடிகளில் இ சேர்ந்தது வினைச்சொல், அதன் கடைசி ஒலியும் அதிரும் ஒலி. நம் சொல்லும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கோபத்தை ஆற்று, தணி என்று பொருள்படும் 'ஸூத்' கூட இப்படித்தான் முடியும். இரண்டையும் ஒன்றாக மனப்பாடம் செய்துகொண்டால் ஒன்றை ஒன்று நினைவுபடுத்தும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் எழுத்தை 'ஷ' என்று சொல்லிவிடாதீர்கள். 'ஷீத்' என்பது வேறு சொல். கத்தியை உறையில் போடு என்று அதற்குப் பொருள். கோபத்தில் இருப்பவரைச் சமாதானமாகப் போனவராக மாற்றிவிடும்.

பொருளில் மறைந்திருக்கும் மௌனம்

இந்தப் படியில்தான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். 'சீத்' என்றால் வெறுமனே கடுங்கோபம் இல்லை. கோபம் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் அதைக் கொட்ட முடியவில்லை, அல்லது கொட்ட விரும்பவில்லை. இந்த இரண்டாவது பாதியும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்கம்.

ஒரு கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூன்று ராத்திரி கண்விழித்துத் தயாரித்த அறிக்கையை, மேலதிகாரி தான் தயாரித்தது போல எடுத்து வாசிக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். நீங்களும் தட்டுகிறீர்கள். உதட்டில் சிரிப்பு, மேஜைக்கு அடியில் விரல் முட்டிகள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கம். அந்த நேரத்தில் நீங்கள் செய்துகொண்டிருப்பதுதான் 'சீத்'. எழுந்து நின்று மேஜையைத் தட்டி "அது என் வேலை சார்" என்று கத்திவிட்டால், அந்த நொடியிலிருந்து இந்தச் சொல் உங்களுக்குப் பொருந்தாது. வேறு வினை தேட வேண்டும். 'செல்லா இடத்துச் சினம்' என்று 302ஆம் குறள் சொல்கிறதே, இந்தச் சொல்லுக்கு உரியவர் பெரும்பாலும் அந்தச் செல்லா இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஏன் இப்படி ஒரு பொருள் வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. பழைய ஆங்கிலத்தில் இது சமையலறைச் சொல். கொதிப்பது, கொதிக்க வைப்பது, அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான 'சீடன்' இன்றைக்கும் கொதிப்பதைத்தான் குறிக்கிறது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில், வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்கக் கூடாது என்ற கட்டளை வரும். யாத்திராகமத்தில் இரண்டு இடம், உபாகமத்தில் ஓரிடம். சமைப்பது என்பதற்கு அங்கே இருக்கும் வினை இதுதான். ஆதியாகமத்தில் யாக்கோபு கூழ் காய்ச்சும்போதும் இதுவே, 'சாட்' என்ற பழைய இறந்தகால வடிவத்தில். இன்னொரு பழைய வடிவமான 'சாடன்' மட்டும் தனியாகப் பிழைத்துக்கொண்டது. மழையில் ஊறிச் சொதசொதவென்று ஆன ஷூவை இன்றைக்கு 'சாடன்' என்பார்கள். வேகவைத்ததில் தொடங்கி ஊறிப்போனதில் வந்து நிற்கிறது.

அப்புறம் பிரெஞ்சிலிருந்து வந்த 'பாயில்' அடுப்படியைப் பிடித்துக்கொண்டது. 'சீத்' மெல்ல மெல்ல அங்கிருந்து நகர்ந்து மனிதர்களின் நெஞ்சுக்குள் குடியேறியது. குடியேறும்போது மூடி போட்ட பானையையும் கூடவே கொண்டுவந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

தமிழில் எந்தச் சொல்லை எதிரே வைப்பது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூலப்பொருள் கொதிப்பது என்றதும், தமிழிலும் 'கொதி' என்றே மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஆனால் நம் மொழியில் 'கொதித்தெழுந்தார்', 'மக்கள் கொதிப்பு', 'கொந்தளிப்பு' என்றெல்லாம் செய்தித்தாளில் படிக்கும்போது என்ன படம் வருகிறது? சாலை மறியல், கோஷம், கல்வீச்சு. நம் கொதிப்பு வெளியே வழிவது. ஆங்கிலக்காரரின் 'சீத்' வழியாமல் உள்ளே நிற்பது. ஒரே அடுப்பில் பிறந்த இரண்டு சொற்கள், வேறு வேறு வீட்டுக்குப் போய்விட்டன.

சரியான ஜோடி தேடினால் தமிழில் பஞ்சமில்லை. 'பொருமு' நன்றாகவே பொருந்தும். வயிற்றுப் பொருமல் வந்தவருக்குத் தெரியும், உள்ளே இருப்பது வெளியே போக வழியில்லாமல் அடைத்து நிற்பதுதான் பொருமல். 'புழுங்கு' இன்னும் நெருக்கம். புழுங்கல் அரிசிக்கு நெல்லை உமியோடு சேர்த்தே அவிப்பார்கள். உமி பிரிவதற்கு முன்பே உள்ளே அரிசி அரைவேக்காடு ஆகிவிடும். மனம் புழுங்குவதும் அதே வேலைதான். 'குமுறு' கொஞ்சம் சத்தமானது, எரிமலை வெடிக்கத் தயாராக இருப்பது போல. 'கறுவு' என்பதில் பழிவாங்கும் எண்ணம் கலந்திருக்கும்; 'சீத்' அந்த அளவுக்குப் போகாது.

எனவே நோட்டில் 'சீத்' என்று எழுதி, எதிரே 'பொருமு, உள்ளுக்குள் புழுங்கு' என்று எழுதிக்கொள்ளுங்கள். 'கொதி' என்று எழுதியிருந்தால் அடித்துவிடலாம்.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

முதல் விதி: இன்றைய கோபப் பொருளில் இந்த வினை செயப்படுபொருளை ஏற்காது. வெள்ளாட்டுக்குட்டிக் காலத்தில் ஏற்றது. அப்போது அது சமையல். இப்போது 'ஹி சீத்ட் மீ' என்று சொல்லவே கூடாது. ஒருவர் உங்களைக் கோபப்படுத்தினார் என்று சொல்ல 'என்ரேஜ்' இருக்கிறது, 'இன்ஃப்யூரியேட்' இருக்கிறது, அவை பிறவினை. 'சீத்' சுத்தமான தன்வினை. கோபப்படுகிறவர்தான் எழுவாய், வேறு ஆள் நடுவில் வரக் கூடாது.

இரண்டாவது, பின்னால் வரும் சிறு சொல். நான் மாட்டிக்கொண்டது இங்கே. 'வித்' போட்டால் அதன் பின்னால் உணர்ச்சியின் பெயர் வர வேண்டும். 'சீதிங் வித் ரேஜ்', 'சீதிங் வித் ரிசென்ட்மென்ட்', 'சீதிங் வித் ஜெலஸி'. ஆத்திரமோ மனக்கசப்போ பொறாமையோ, உள்ளே என்ன கொதிக்கிறது என்பதை 'வித்' சொல்லும். கோபத்துக்குக் காரணமான ஆளையோ செயலையோ சொல்ல 'அட்' போடுங்கள்: 'ஷி வாஸ் சீதிங் அட் த டெசிஷன்', அந்த முடிவைக் கேட்டு அவள் உள்ளுக்குள் பொருமினாள். நடந்து முடிந்த விஷயத்தை நினைத்து நினைத்துப் புழுங்கினால் 'ஓவர்' அல்லது 'அபௌட்'.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், 'ஆங்க்ரி வித் யூ' சரியான ஆங்கிலம். அதைப் பார்த்து 'சீதிங் வித் யூ' என்று எழுதினால், உன்னோடு சேர்ந்து நானும் பொருமுகிறேன் என்றாகிவிடும். கூரியர் மேனேஜரை என் கட்சியில் சேர்த்தது அந்த 'வித்'தான்.

மூன்றாவது, வடிவம். இந்தச் சொல்லை நீங்கள் அதிகம் சந்திப்பது 'சீதிங்' என்ற வடிவத்தில்தான். பொருமுவது ஒரு நொடியில் முடிகிற வேலை இல்லையே. மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓடும். அதனால்தான் 'ஸ்டில் சீதிங்' என்ற சேர்க்கை அடிக்கடி காதில் விழும்: போன வாரம் நடந்ததற்கு இன்னும் ஆறவில்லை என்று பொருள். எழுதும்போது கடைசி இ போய், ஐ, என், ஜி சேரும். இறந்தகாலம் 'சீத்ட்'; டி என்ற எழுத்தைச் சேர்த்தால் போதும். 'திடீரென்று' என்ற பொருளில் 'சடன்லி' என்பதை இதனோடு சேர்க்காதீர்கள். கொதி நிலை வரத் தண்ணீருக்கே நேரம் பிடிக்கிறது.

சேர்க்கத் தகுந்தவை 'குவயட்லி', 'சைலன்ட்லி', 'இன்வர்ட்லி'. அமைதியாக, சத்தமில்லாமல், உள்ளூர. மௌனம் பொருளிலேயே இருக்கும்போது எதற்கு இவை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனாலும் ஆங்கிலேயர்கள் சேர்க்கிறார்கள், காதுக்கும் நன்றாக இருக்கிறது. 'வெரி சீதிங்' மட்டும் எடுபடாது. ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொல்லுக்கு 'மிக' தேவையில்லை. பேச்சில் அழுத்தம் வேண்டுமானால் 'ஆப்ஸல்யூட்லி சீதிங்' என்பார்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

ஆங்கிலக் கோபச் சொற்களில் பாதி அடுப்பைச் சுற்றியே நிற்கின்றன. அடுப்பைத் தெரிந்தவருக்கு அவற்றைப் பிரித்தறிவது கஷ்டமே இல்லை.

'சிம்மர்' என்ற சொல் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? "பால் பொங்கப் போகுது, அடுப்பைச் சிம்மில் வை" என்று வீட்டில் தினமும் கேட்கிறீர்கள். அந்தச் 'சிம்' இந்தச் 'சிம்மர்' என்பதன் சுருக்கம்தான். மனிதர்களுக்குப் பயன்படுத்தும்போது, குறைந்த தீயில் நெடுநாள் ஓடும் கோபம். இரண்டு பங்காளிகள் எல்லைத் தகராறில் பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் அது 'சிம்மர்'. 'சீத்' அதைவிடத் தீ அதிகம். 'சிம்மர் டவுன்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் கொஞ்சம் அடங்கு என்று பொருள். அதற்காகவே இன்னும் கோபம் வரும், அது வேறு விஷயம்.

'ஃப்யூம்' என்பது புகை. லத்தீன் மொழியில் புகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புகை வெளியே தெரியும் இல்லையா? 'ஃப்யூம்' செய்பவரின் கோபமும் வெளியே தெரியும்: முணுமுணுப்பார், மூக்கால் மூச்சு விடுவார், எதிரில் வருகிறவரிடம் புலம்புவார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்போமே, அந்த நிலை. ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புக்காரர்களுக்கு இந்தச் சொல் செல்லப்பிள்ளை. நாலே எழுத்தில் கோபம் முடிந்துவிடுகிறது. நமக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் 'புகைச்சல்' என்றால் பொறாமையோ, இரண்டு பேருக்குள் இருக்கும் மனத்தாங்கலோதான் முதலில் நினைவுக்கு வரும். 'ஃப்யூமிங்' என்பதில் பொறாமை துளியும் இல்லை. "கட்சிக்குள் புகைச்சல்" என்ற செய்தியை இந்த வினையை வைத்து மொழிபெயர்த்தால் பொருள் மாறிப்போகும்.

'ரேஜ்' முற்றிலும் வெளியே வந்துவிட்ட கோபம். இதன் வேர் வெறிநாய்க்கடி நோய்க்குப் பெயரான 'ரேபிஸ்' என்ற லத்தீன் சொல். தமிழிலும் நாய்க்குப் பிடிப்பதும் வெறி, மனிதனுக்குக் கோபம் முற்றினால் வருவதும் வெறி என்பதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. புயலும் காட்டுத்தீயும் கூட 'ரேஜ்' செய்யும்.

'ஸ்மோல்டர்' தணல், சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருப்பது. மௌனத்தில் 'சீத்' என்பதற்குத் தங்கை, ஆனால் அசைவு குறைவு. 'பிரிஸில்' என்றால் மயிர்க்கால் சிலிர்த்து நிற்பது. சீண்டும் ஒரு சொல்லைக் கேட்டதும் விறைத்துக்கொள்வது, சில நொடி விவகாரம். நடுவில் டி எழுத்து உண்டு, ஒலி கிடையாது.

இன்னொன்று: 'இன்சென்ஸ்' என்று ஊதுபத்திக்குச் சொல்வோம். அதே எழுத்துக்கூட்டல் வினையாக வந்தால் ஒருவரைக் கடுங்கோபம் கொள்ளச் செய் என்று பொருள். பெயராகச் சொல்லும்போது முதல் அசையை அழுத்த வேண்டும், வினையாகச் சொல்லும்போது இரண்டாவதை. இரண்டும் எரிப்பதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிரிந்தவை.

கோபமே இல்லாத 'சீதிங்'

ஓரிடத்தில் கூட்டம் மொய்க்கிறது என்று சொல்லவும் இதே சொல் வரும். 'த ஸ்ட்ரீட் வாஸ் சீதிங் வித் பீப்பிள்' என்றால் தெருவில் யாரும் கோபமாக இல்லை. எறும்புப் புற்று மாதிரி ஆள் நெரிகிறது. கொதிக்கும் தண்ணீரில் குமிழ்கள் முட்டி மோதும் காட்சிதான் இங்கே உவமை. எழுவாய் மனிதனா, இடமா என்று பாருங்கள். இடம் என்றால் பெரும்பாலும் கூட்டம்.

முதல் எழுத்து பெரிய எழுத்தில் இருந்தால் அது ஊர்ப்பெயராகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் சீதிங் என்று ஒரு கிராமமே இருக்கிறது. லண்டனில் சீதிங் லேன் என்று ஒரு தெரு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 17ஆம் நூற்றாண்டில் குடியிருந்தது அங்கேதான். அந்தத் தெருக்காரர்கள் யார் மேலும் பொருமவில்லை.

இணையத்தில் 'கோப் அண்ட் சீத்' என்று யாராவது உங்களுக்குப் பதில் போட்டால், 'வயிறெரிந்து சாவு' என்கிற மாதிரிக் கேலி. பதில் சொல்லாமல் நகர்வது நல்லது. சொன்னால் அவர் சொன்னது நிஜமாகிவிடும்.

எங்கே எழுதக் கூடாது

அலுவலகக் கடிதம், புகார், விண்ணப்பம் எதிலும் உங்களைப் பற்றி 'ஐ ஆம் சீதிங்' என்று எழுதாதீர்கள். நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், தப்பில்லை. அலுவல் எழுத்தில் அது அநாகரிகம் என்பதைவிட, ஒரு முரண்பாடு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது: வெளியே காட்டாத கோபத்துக்கான சொல்லை, எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டுகிறோம். இந்தச் சொல் அழகாக இருப்பது மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்லும்போது, அல்லது நடந்து முடிந்ததை நினைவுகூரும்போது. கதை எழுதுகிறவர்கள் சிலர் '"கெட் அவுட்," ஹி சீத்ட்' என்று உரையாடலுக்குப் பின்னால் போடுவதைப் பார்க்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஏற்கெனவே வாயைத் திறந்துவிட்டவருக்கு எதற்கு இந்தச் சொல்?

கொஞ்சம் பயிற்சி

நோட்டை எடுங்கள். கீழே உள்ளவற்றில் எதற்கு 'சீத்' பொருந்தும் என்று முதலில் நீங்களே யோசியுங்கள்.

"சில்லறை இல்லை என்றதும் கண்டக்டரிடம் கத்தித் தீர்த்துவிட்டார்." பொருந்தாது. கத்தியாகிவிட்டது. 'எக்ஸ்ப்ளோடட்' என்று எழுதலாம்.

"தங்கைக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் பொருமிக்கொண்டிருந்தான்." இதற்கென்றே பிறந்த சொல். 'ஹி சீத்ட் ஃபார் அ வீக்.'

"அவள் சொன்ன பதில் எனக்கு ஆத்திரமூட்டியது." எழுவாய் பதில், கோபம் வந்தது எனக்கு. பிறவினை வேண்டும்: 'ஹெர் ரிப்ளை இன்ஃப்யூரியேட்டட் மீ.'

"தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை." கோபமில்லாத 'சீதிங்', 'வித் ஷாப்பர்ஸ்' என்று முடியுங்கள்.

கடைசியாக என் மின்னஞ்சல். அதை அக்கா திருத்திக் கொடுத்தது இப்படி: 'ஐ ஆம் எக்ஸ்ட்ரீம்லி அன்ஹாப்பி அபௌட் திஸ் டிலே.' கீழே பார்சல் எண், தேதி, என்றைக்குள் பதில் வேண்டும் என்ற ஒரு வரி. அனுப்பிவிட்டு அவரே அந்த அலுவலகத்துக்குப் போனும் போட்டார். இரண்டு நிமிடம் பேசியிருப்பார். குரல் ஏறவே இல்லை, ஒவ்வொரு வாக்கியத்திலும் "சொல்லுங்க சார்" இருந்தது. கையில் இருந்த பென்சில் மட்டும் நடுவில் ஒருமுறை முறிந்தது. மறுநாள் காலை பார்சல் வந்துவிட்டது.